ஆசி தர மறுத்த கை

9

உள்ளங்கையில் ஒரு குண்டூசியை மறைத்துக்கொண்டுதான் தோன்யா துலியா அந்த அம்மாளிடம் கை நீட்டினாள்.

எர்மிலா அம்மாள் வெள்ளந்தியாகச் சிரித்தாள். வீட்டுக்கு வந்தவர் கை நீட்டினால் பற்றிக் குலுக்க வேண்டும் என்பது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. பற்றினாள். மறுகணம் வெடுக்கென்று கையை உதறிக்கொண்டு, துளிர்த்த ரத்தப்பொட்டை வாய் பிளந்து பார்த்தாள்.

பக்கத்தில் நின்றிருந்தான் துலியாவின் உதவியாள் வில்மர். பதினைந்து வருஷம் மெதெயின் நகரத்தில் பிண வண்டி ஓட்டிவிட்டு, செத்தவர்களோடு பேச்சுத்துணை போதவில்லை என்று துப்பறியும் தொழிலுக்கு வந்தவன் அவன். விதவிதமான சாவுகளைப் பார்த்திருக்கிறான். உயிரோடு இருக்கும் நோயாளியை ஊசியால் குத்தும் முதலாளியம்மாவை இப்போதுதான் பார்க்கிறான். ஆனாலும் ஊர் மரியாதை விடாமல் 'தோன்யா' என்றுதான் கூப்பிட்டான்.

"அடுத்தது என்ன தோன்யா, நகத்தைப் பிடுங்கறதா? சொன்னீங்கன்னா ஜீப்புல இருந்து குறடு எடுத்துட்டு வர்றேன்."

"வாயை மூடிட்டு அவங்களுக்கு வெல்லத் தண்ணி குடு."

கொடுத்தான். எர்மிலா சூடாக இருந்த அதை ஊதி ஊதிக் குடித்தாள். குடித்து முடிப்பதற்குள் குத்தியவளையும் மறந்தாள், குத்துப்பட்டதையும் மறந்தாள். துலியா உள்ளே போய், புதிதாக வருபவள் போல மறுபடி தாழ்வாரத்துக்கு வந்தாள்.

"வணக்கம்மா. என் பேரு துலியா. மெதெயின்ல இருந்து வர்றேன்."

"வாங்க, வாங்க. உங்களை இப்பத்தான் முதல் தடவையா பாக்கறேன்" என்று எர்மிலா முகம் மலர்ந்தாள். துலியா கையை நீட்டினாள். முகத்தின் மலர்ச்சி அப்படியே இருந்தது. கை மட்டும் மெல்ல நகர்ந்து சால்வைக்குள் ஒளிந்துகொண்டது.

"கை குடுக்க மாட்டீங்களா?"

"இல்லம்மா... கையெல்லாம் மாவு" என்றாள் எர்மிலா. கையில் மாவு ஏதும் இல்லை.

துலியா திரும்பி வில்மரைப் பார்த்தாள். "பாத்தியா? நான் யாருன்னு தெரியாது, குத்தினதும் தெரியாது. ஆனா கைக்குத் தெரியுது. ஏன்னு கேட்டா, மூளை ஒரு காரணத்தை அப்பவே சமைச்சுப் பரிமாறுது. நடந்ததை வைக்கிற அறை வேற, பயத்தை வைக்கிற அறை வேறடா. இந்த நோய் முதல் அறையைத்தான் முதல்ல காலி பண்ணும்."

"அதைச் சொன்னாலே நம்பியிருப்பேனே. குத்திக் காட்டணுமா?"

"நீ நம்பறதுக்காக இல்ல. எனக்கு உறுதியாத் தெரியணும்."

துலியா இப்படித்தான். இரக்கம் என்பது வேலை முடிந்த பிறகு எடுத்துக்கொள்ள வேண்டிய விடுமுறை என்பது அவள் கட்சி. அவள் விடுமுறை எடுத்து வில்மர் பார்த்ததில்லை.

வேலை இதுதான். லா பால்மிச்சா என்ற இந்த மலையூரில் எர்மிலாவின் கணவர் எவேலியோ, போன வியாழக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை, காப்பிக்கொட்டை உலர்த்தும் மேல்மாடியிலிருந்து கீழே சிமெண்டு முற்றத்தில் விழுந்து மண்டை உடைந்து செத்தார். சட்டையின் முன்பக்கம் கிழிந்து, நெஞ்சில் நகக்கீறல் இருந்தது. தானாக விழுந்தவருக்கு நகக்கீறல் வராது. பிணத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரத்தத்தில் ஊறி உட்கார்ந்திருந்தவள் எர்மிலா. சார்ஜெண்ட் வந்து, "நீயா தள்ளினே?" என்று கேட்டார். "ஆமா" என்றாள். கேஸ் முடிந்தது.

நேற்று வில்மரும் அவளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தான். "நிலாவுல போய் இறங்கினது நீங்கதானே?" என்றான். அதற்கும் "ஆமா" என்றாள். யாரையும் மனம் நோகவைக்கத் தெரியாதவள்.

அதுவரை அவளை வீட்டிலேயே விட்டுவைத்திருந்தார்கள். இன்று மாலை நகரத்திலிருந்து வண்டி வருகிறது. கொலைகார நோயாளிகளைப் பூட்டி வைக்கும் இல்லத்துக்கு அவளை ஏற்றிப் போகும். அங்கே போனவர்களை வில்மர் பழைய தொழிலில் திரும்ப ஏற்றி வந்திருக்கிறான். அதனால்தான் எர்மிலாவின் மகள் நோரெலி துப்பறிய ஆள் அழைத்தாள். தாய்க்காக மெதெயினுக்கு ஒருமுறைக்கு இருமுறை போன் செய்து, இரண்டு முறையும் முதலிலிருந்து கதையைச் சொல்லிக் கதறினாள்.

எர்மிலாவுக்கு வந்திருப்பது ரத்தத்தில் ஓடுகிற நோய். இந்த மலைப்பக்கத்தில் சில குடும்பங்களில் அது உண்டு. நாற்பதைத் தொடும்போது சாவி எங்கே என்று தேட ஆரம்பிப்பார்கள். கொஞ்ச வருஷத்தில் தன் பெயரையே தேடுவார்கள். பெற்ற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரும், பாதிப் பேரைத் தொடாது. எந்தப் பாதி என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஊரில் அதற்கு 'மந்தம்' என்று பெயர், ஆனால் வரக்கூடியவர்கள் முன்னால் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும் என்று பயம்.

"சாப்பிடாமலே பேசிட்டிருக்கீங்களே" என்று குரல் கேட்டது.

நோரெலி தட்டோடு வந்தாள். முப்பத்தொன்பது வயது, வாட்டசாட்டமான பெண். போன வருஷம் வரை பள்ளிக்கூட டீச்சர். ஏனோ தானாகவே வேலையை விட்டுவிட்டாள். தட்டில் சுடச்சுட சோள அடையும் வெண்ணெய்க்கட்டியும், கோப்பையில் சாக்லெட் பாலும் இருந்தன.

"காலை டிபன் சாப்பிடாம வேலை ஓடுமா? எடுத்துக்கங்க தோன் வில்மர்."

வில்மர் ஏற்கெனவே ஒரு டிபனை முடித்து ஏப்பம் விட்டவன். ஆனாலும் வலிய வருகிற சீதேவியை உதைக்கிற ஜாதி அவனில்லை. "எங்க ஊர்ல ஒரு தடவை போடறதுக்கே மூக்கால அழுவாங்க. இங்க ரெண்டு பந்தி. தோன்யா, கேஸை மெதுவாவே கண்டுபிடிங்க."

துலியா சிரிக்கவில்லை. நோரெலியையே பார்த்தாள். "அன்னிக்கு நடந்ததை இன்னொரு தடவை சொல்லும்மா."

"நான் சந்தைக்குப் போயிருந்தேன். எலும்புக்கறியும் தக்காளியும் வாங்கிட்டுத் திரும்பினேன். முற்றத்துல சித்தப்பா கில்தார்தோ நின்னாரு, அப்பா கிடந்தாரு, அம்மா மடியில தலை." அவள் கண் கலங்கியது. "எங்கம்மா ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டாங்க. இதைச் செஞ்சவன் வெளியே சுத்தறான், அவங்க பூட்டுக்குள்ள போறாங்க. எனக்கு அவனைக் காட்டுங்க. அது போதும்."

"காட்டறேன்" என்றாள் துலியா. "அம்மா உன்கிட்ட எப்படி இருக்காங்க?"

"அப்பா போனதுல இருந்து என்னையே மறந்துட்டாங்க. நான் ஊட்டினா வாயைத் திறக்கறதில்ல. ஆசி கேட்டா குடுக்கறதில்ல. ஊருக்கெல்லாம் குடுக்கறாங்க, பெத்த பொண்ணுக்கு இல்ல."

லா பால்மிச்சாவில் பெரியவரிடம் ஆசி வாங்காமல் யாரும் வாசல் தாண்ட மாட்டார்கள். குனிந்தால், பெரியவரின் கட்டைவிரல் நெற்றியில் சிலுவை போடும். எர்மிலாவின் புத்தியிலிருந்து எல்லாம் போன பிறகும் அந்தக் கட்டைவிரலில் அது மிச்சமிருந்தது. தலை குனிந்தவர் எவராக இருந்தாலும் சிலுவைதான். கைது செய்ய வந்த சார்ஜெண்டுக்குப் போட்டாள். கோழி வாங்க வந்தவனுக்குப் போட்டாள், அவன் கையில் தலைகீழாகத் தொங்கிய கோழிக்கும் போட்டாள். நேற்று வில்மருக்கும் கிடைத்தது. அம்மா செத்த பிறகு அவன் நெற்றியை யாரும் தொட்டதில்லை.

துலியாவின் திட்டம் அவனுக்கு இப்போது புரிந்தது. எர்மிலாவின் கண் முன்னால்தான் கொலை நடந்திருக்கிறது. செய்தவன் யாரென்று அவள் சொல்ல மாட்டாள். ஆனால் அவன் வந்து தலை குனிந்தால் கை சொல்லும்.

அந்த அவன் யாரென்பதில் வில்மருக்குச் சந்தேகமே இல்லை. எவேலியோவின் தம்பி கில்தார்தோ பக்கத்துத் தோட்டக்காரன். வேலித் தகராறில் அண்ணனோடு வருஷக்கணக்காகப் பேச்சு வார்த்தை இல்லை. பிணத்தை முதலில் பார்த்தவனும் அவனே, சார்ஜெண்டுக்கு ஆள் அனுப்பியவனும் அவனே. இதற்கு மேல் ஒருவன் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா வருவான்?

துலியா சொல்லியனுப்பியிருந்தாள். கில்தார்தோ கோவேறு கழுதையில் வந்து இறங்கினான். காய்த்துப்போன கை, சிரிப்பே அறியாத முகம்.

"என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல" என்றாள் துலியா. "அண்ணிகிட்ட ஆசி வாங்கிக்கங்க. சாயந்திரம் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் கிடைக்காது."

கில்தார்தோ தொப்பியைக் கழற்றினான். வில்மர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். கில்தார்தோ முழங்காலிட்டுத் தலை குனிந்தான்.

எர்மிலாவின் கை சால்வைக்குள்ளிருந்து வந்தது. நெற்றியில் சிலுவை போட்டது. போட்டுவிட்டு, நரைத்த அந்தத் தலையை வாஞ்சையாக வருடியும் கொடுத்தது.

"நாசமாப் போச்சு" என்று முணுமுணுத்தான் வில்மர். "தோன்யா, உங்க கை ஜோசியம் படுத்துருச்சு."

அப்போது நோரெலி கூடையோடு சமையலறையிலிருந்து வந்தாள். "முட்டை எடுத்துட்டு வர்றேன், யாருக்கும் இன்னும் டிபன் குடுக்கல" என்றாள். வாசலைத் தாண்டுவதற்கு முன், பிறந்தது முதல் செய்து பழகியபடி, தாயின் முன் குனிந்தாள்.

"ஆசி குடுங்கம்மா."

எர்மிலாவின் நாற்காலி சுவரில் மோதியது. இரண்டு கையும் மார்போடு ஒடுங்கின. கால்கள் தரையை உந்தி உந்தி, பின்னால் இடமே இல்லாத இடத்துக்குப் போகப் பார்த்தன. வாயிலிருந்து மூச்சு மட்டும் வந்தது. நாற்காலிக்கு அடியில் ஈரம் பரவியது.

நோரெலி கூடையைக் கீழே வைத்தாள். "பாத்தீங்கல்ல? என்னை யாரோன்னு நினைக்கறாங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, துணி எடுத்து வர உள்ளே போனாள்.

"பாவம், நோய் முத்திப்போச்சு" என்றான் வில்மர்.

"வில்மர், இன்னிக்கு எத்தனை டிபன் சாப்பிட்ட?"

"ரெண்டு. மூணாவது வருது போலிருக்கு."

"நோரெலி எத்தனை தடவை போன் பண்ணா?"

"ரெண்டு."

"எவேலியோ செத்தது என்ன கிழமை?"

"வியாழன்."

"இந்த ஊர்ல சந்தை கூடறது?"

"எல்லா மலையூர்லயும் போலத்தான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு..." வில்மர் நிறுத்தினான். காலித் தட்டைத் தள்ளி வைத்தான். "அப்ப அந்தப் பொண்ணு பொய் சொல்லுதா?"

"பொய் சொல்றவ யோசிச்சுச் சொல்வா. ஊரே சந்தை இல்லேன்னு சொல்லக்கூடிய நாள்ல சந்தைக்குப் போனேன்னு எந்தத் திருடியும் சொல்ல மாட்டா. கையில மாவுன்னு எர்மிலா சொன்னாங்களே, அது பொய்யா? இதுவும் அதேதான். அன்னிக்குக் காலைல அவ மூளையில ஒரு ஓட்டை. பழக்கமான ஞாயித்துக்கிழமை ஒண்ணை எடுத்து அதுல அடைச்சு வச்சிருக்கு." துலியா கில்தார்தோவைப் பார்த்தாள். "என்ன, நான் சொல்றது சரிதானே?"

கில்தார்தோ தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"போயிடுங்க" என்றான். "உங்களுக்குக் கோடிப் புண்ணியம். இப்படியே ஜீப்பைத் திருப்பிட்டுப் போயிடுங்க."

"எப்ப தெரியும்?"

"முந்தின நாளே அண்ணன் வேலிக்கு வந்தான். பேச்சே இல்லாதவன், வந்து அழுதான். நோரெலி காப்பியில உப்பைப் போடறா, சாவியைச் சோளமாவுல புதைச்சு வைக்கிறா, அவளுக்கும் வந்துருச்சு, நாளைக்கு அவகிட்ட சொல்லப் போறேன்னான். சொல்லாதடான்னேன். எந்த வீட்லயும் அதைச் சொல்றதில்லேன்னேன். கேக்கல." அவன் எச்சில் விழுங்கினான். "சத்தம் கேட்டு ஓடியாந்தேன். அவன் முற்றத்துல கிடந்தான். எர்மிலா மேல்மாடி ஓரத்துல நின்னு நடுங்கிட்டிருந்தா. இவ சமையலறையில கை கழுவிட்டிருந்தா. என்னைப் பாத்து, வாங்க சித்தப்பா, காப்பி போடட்டுமா, அப்பாவைப் பாத்தீங்களான்னு கேட்டா."

வில்மர் சமையலறை வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

"எர்மிலாவைக் கீழே கூட்டிட்டு வந்து, பிணத்தோட தலையை அவங்க மடியில எடுத்து வச்சது நீங்க" என்றாள் துலியா.

"நான்தான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எங்க பூட்டினாலும் அவளுக்கு ஒண்ணுதான். சின்னவளுக்கு இன்னும் கொஞ்சம் புத்தி மிச்சமிருக்கு. அந்தக் கொஞ்சத்தை வீட்ல இருந்து வாழ்ந்துட்டுப் போகட்டுமே. ரெண்டுல ஒண்ணுதான் காப்பாத்த முடியும்னா, எதைக் காப்பாத்துவீங்க?"

வில்மருக்கு அது நியாயமாகப் பட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக வேடிக்கை கலக்காமல் பேசினான். "தோன்யா, அவர் சொல்றதுல தப்பில்ல. அம்மாவுக்குத் தெரியப் போறதில்ல."

"தெரியாதா?" துலியாவின் குரல் உயரவில்லை. "என் ஊசியை மறந்துட்டாங்க. வலியை மறந்தாங்களா? தெரியாதுன்னு சொல்லிச் சொல்லியே இவங்களை எல்லாரும் எதுவேணா செய்யறீங்க. நானும் காலைல செஞ்சேன். பூட்டின அறையில எதுக்குப் பயப்படறோம்னுகூடத் தெரியாமப் பயந்துகிட்டே சாகறது சின்னத் தண்டனையா? செய்யாத கொலைக்கு?"

எர்மிலா ஈரப் பாவாடையோடு, தெருவில் போகிற யாரோ ஒருவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நோரெலி துணியோடு திரும்பி வந்தாள். துலியா அவளை உட்காரச் சொன்னாள்.

"நோரெலி, வியாழக்கிழமை இங்க சந்தை உண்டா?"

"கிடையாதே. ஞாயித்துக்கிழமைதான்."

"உங்கப்பா செத்தது வியாழக்கிழமை."

நோரெலி வாயைத் திறந்தாள். மூடினாள். டீச்சராக இருந்தவள், தப்புக் கணக்கு கண்ணில் பட்டால் தெரியாமல் போகாது. அவள் கண் தரையில் எதையோ தேடியது, பிறகு சித்தப்பாவின் முகத்தில் தேடியது. சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அப்ப அன்னிக்கு நான் எங்க போயிருந்தேன்?" என்று கேட்டாள்.

உண்மையாகவே கேட்டாள். அதைத்தான் வில்மரால் தாங்க முடியவில்லை. எழுந்து தாழ்வாரத்தின் கடைக்கோடிக்குப் போய்விட்டான். அங்கேயும் கேட்டது. துலியா ஒன்றையும் விடவில்லை. உப்புக் காப்பியைச் சொன்னாள், மாவுக்குள் சாவியைச் சொன்னாள், மேல்மாடியில் தகப்பன் சொன்ன வார்த்தையைச் சொன்னாள், அதைக் கேட்டு வெறிபிடித்து அவரைத் தள்ளிய அவள் கையைச் சொன்னாள், கிழிந்த சட்டையைச் சொன்னாள்.

"உங்கம்மா உன்னை மறந்துட்டாங்கன்னு நினைச்சே. மறக்கல. அவங்க உடம்புல அழியாம நிக்கிறது நீ செஞ்சது ஒண்ணுதான்."

நோரெலி கத்தவில்லை. தன் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பாவையா நான்?" என்று ஒரு முறை கேட்டாள். பிறகு தரையில் சரிந்து, தாயின் பாதத்தைப் பிடிக்கப் போனாள். பாதங்கள் நாற்காலிக்குள் சுருங்கிக்கொண்டன.

அழுகை ஓய்ந்ததும் அவளே எழுந்தாள். "அம்மாவைக் கூட்டிட்டுப் போற வண்டி வர்றதுக்குள்ள நான் சார்ஜெண்ட்கிட்ட சொல்லணும். சீக்கிரம் போலாம். இது எனக்கு எவ்வளவு நேரம் நிக்கும்னு தெரியல."

முகம் கழுவி, பூசைக்குப் போடும் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். தாயிடம் ஆசி கேட்காமலே வாசலைத் தாண்டினாள். "இனிமே இவங்களைப் பாத்துக்க வேண்டியது நீங்க. ஈரத்துணியை முதல்ல மாத்துங்க" என்று கில்தார்தோவிடம் துலியா சொன்னது வில்மரின் காதில் விழுந்தது.

ஜீப் மலையிறங்கியது. நோரெலி முன்னால் வில்மரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். துலியா பின்னால். காப்பித் தோட்டங்களைத் தாண்டினார்கள், ஓடையைத் தாண்டினார்கள். தேய்ந்துபோன பிரேக்கைத் திட்டுவதற்குக்கூட வில்மருக்கு மனம் வரவில்லை. பக்கத்திலிருந்த விசும்பல் குறைந்து, நின்று, சீரான மூச்சாக மாறியதை அவன் கவனித்தான். தூங்கிவிட்டாள் என்று நினைத்தான்.

"காத்து நல்லா இருக்கு" என்றாள் நோரெலி. தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். "எங்க போறோம் தோன் வில்மர்?"

வில்மர் கண்ணாடியில் துலியாவைப் பார்த்தான். அவள் அசையவில்லை.

"சார்ஜெண்டைப் பாக்க" என்றான்.

"எதுக்கு?"

"உங்கப்பா விஷயமா."

அவள் நெஞ்சில் கை வைத்தாள். "கண்டுபிடிச்சிட்டீங்களா?"

வில்மர் எப்படியோ தலையை ஆட்டினான். நோரெலியின் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. கியரில் இருந்த அவன் கையைப் பிடித்து இழுத்து முத்தமிட்டாள்.

"நல்லா இருப்பீங்க. உங்க பிள்ளை குட்டியெல்லாம் நல்லா இருக்கும். எங்கம்மா இனிமே வீட்லயே இருப்பாங்க, இல்ல? யாரு அந்தப் பாவி? சித்தப்பாவா? வேணாம், சொல்லாதீங்க. நேர்ல பாத்துக்கறேன். அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஒண்ணும் தெரியாத எங்கம்மாவைப் பழி சுமக்க விட்டுட்டு உனக்கு எப்படிடா சோறு இறங்குச்சுன்னு கேக்கணும்."

"தோன்யா, வேணாம்" என்றான் வில்மர், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்படியே வரட்டும். கெஞ்சிக் கேக்கறேன்."

பின் சீட்டிலிருந்து துலியா முன்னால் சாய்ந்து அவள் தோளில் கை வைத்தாள்.

"நோரெலி" என்றாள். "வியாழக்கிழமை உங்க ஊர்ல சந்தை உண்டா?"